நோமென்க்ளாதுரா: ஒரு நாட்டைப் பிடித்து வைத்திருந்த பெயர்ப் பட்டியல்

இன்றைக்கு நேராகக் கதைக்குள்ளே போயிடலாம்.

1986 டிசம்பர் 16. சோவியத் யூனியனில் இருந்த 15 குடியரசுகளில் ஒன்று கஜகஸ்தான். அதன் தலைநகர் அல்மா-ஆதா, இன்றைக்கு நாம் அல்மாட்டி என்று சொல்கிற ஊர். அங்கே கஜகஸ்தான் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு கூடுகிறது. அஜெண்டாவில் ஒரே விஷயம்தான். 22 வருடமாகத் தொடர்ந்து முதல் செயலாளராக இருந்த தின்முகமது குனாயெவ் விலகுகிறார். அவருடைய இடத்துக்கு கென்னடி கோல்பின் வருகிறார். கோல்பின் கஜக் இனத்தவர் இல்லை, ரஷ்யர். கஜகஸ்தானில் அதுவரை வேலை பார்த்ததும் இல்லை. ரஷ்யாவில் உல்யனோவ்ஸ்க் மாகாணக் கட்சிக்குச் செயலாளராக இருந்தவர். கூட்டம் இருபது நிமிடம்கூட நடக்கவில்லை. எல்லாரும் கையைத் தூக்கினார்கள், கலைந்து போனார்கள்.

மறுநாள் நகரத்தின் பெரிய சதுக்கத்தில் மாணவர்கள் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் கஜக் இளைஞர்கள், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவர்கள். டிசம்பர் மாதக் குளிர். ராணுவம் வந்தது, தடியடி நடந்தது, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். உயிர்கள் போயின. எத்தனை என்பது இன்றைக்கும் சர்ச்சை. பலர் சிறைக்குப் போனார்கள், இன்னும் பலரைக் கல்லூரியை விட்டே நீக்கினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. கஜகஸ்தானுக்குத் தனியாக ஒரு அரசியல் சட்டம் இருந்தது. நாடாளுமன்றம் இருந்தது. அமைச்சரவை இருந்தது, அதற்கு ஒரு தலைவரும் இருந்தார், அவர் ஒரு கஜக். அவரை யாரும் மாற்றவில்லை. மாறியது ஒரு கட்சியின் செயலாளர் மட்டும்தான். அதற்கு ஏன் தெருவில் ரத்தம்?

ஏன்னா, நாட்டை யார் ஆளுகிறார்கள் என்று அந்த மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். அரசியல் சட்டத்தில் எழுதியிருந்த நாடு ஒன்று, நிஜமாக ஓடிக்கொண்டிருந்த நாடு இன்னொன்று. அந்த இரண்டாவது நாடு எப்படி ஓடியது என்பதுதான் இந்த எபிசோட்.

அடிமட்டத்திலிருந்து ஆரம்பிப்போம். சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் கிளை என்பது தெருவிலோ வார்டிலோ இருக்கிற கிளை இல்லை. அது முக்கியமாக வேலை செய்யும் இடத்தில் இருக்கும். தொழிற்சாலை, பல்கலைக்கழகம், மருத்துவமனை, கூட்டுப் பண்ணை, ராணுவப் பிரிவு, கப்பல் என்று எங்கே குறைந்தது 3 கட்சி உறுப்பினர்கள் இருந்தாலும் அங்கே ஒரு கிளை. 1980-களில் இப்படி 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கிளைகள் இருந்தன. அதற்கு மேலே வட்டாரக் குழு, நகரக் குழு, மாகாணக் குழு, குடியரசின் மத்தியக் குழு, கடைசியாக மாஸ்கோவில் அனைத்து யூனியன் மத்தியக் குழு. அதிலிருந்து பொலிட்பீரோ, செயலகம், பொதுச் செயலாளர். இந்தச் சொற்கள் நமக்குப் புதுசு இல்லை. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் செய்தியைப் பேப்பரில் படிக்கிறவர்களுக்குக் கிளை, மாவட்டக் குழு, மத்தியக் குழு, பொலிட்பீரோ எல்லாம் பழக்கமான வார்த்தைகள்தான். அந்த ஏணி அங்கிருந்து வந்ததுதான். ஆனால் தேர்தலில் நின்று ஜெயித்தும் தோற்றும் பழகிய ஒரு கட்சி இந்த ஏணியை வைத்திருப்பது வேறு. எதிரே வேறு கட்சியே இல்லாமல், அரசாங்கம் முழுவதையும் கையில் வைத்திருக்கும் கட்சி வைத்திருப்பது வேறு.

கட்சியில் சேர்வதும் அவ்வளவு சுலபம் இல்லை. குறைந்தது 5 வருடம் உறுப்பினராக இருந்த 3 பேர் சிபாரிசு செய்யணும். ஒரு வருடம் வேட்பு உறுப்பினராகக் காத்திருக்கணும். அப்புறம்தான் சிவப்பு அட்டை போட்ட அந்தச் சின்னப் புத்தகம் கைக்கு வரும். மாதா மாதம் சம்பளத்துக்கு ஏற்ப சந்தா கட்டணும், சம்பளம் அதிகமானால் 3 சதவீதம் வரை. அந்தப் புத்தகத்தைத் தொலைத்தால் அது வெறும் 'தொலைஞ்சு போச்சு' இல்லை, விசாரணைக்குரிய குற்றம். 1980-களின் பிற்பகுதியில் சுமார் 1 கோடியே 90 லட்சம் உறுப்பினர்கள் இருந்தார்கள். வயது வந்தவர்களில் தோராயமாகப் பத்தில் ஒருவர்.

அத்தனை பேரும் சித்தாந்தத்தை நம்பித்தான் சேர்ந்தார்களா? நம்பியவர்கள் நிறைய பேர் உண்டு, குறிப்பாகப் போர்க்காலத்தில் சேர்ந்தவர்கள். ஆனால் பின்னாளில் ஒரு இளம் இன்ஜினியர் பிரிவுத் தலைவராகணும், அப்புறம் டைரக்டராகணும் என்று நினைத்தால் அந்தச் சிவப்புப் புத்தகம் இல்லாமல் ஒரு கட்டத்துக்கு மேலே கதவு திறக்காது.

ஏன் திறக்காது? இங்கேதான் அந்தப் பட்டியல் வருகிறது.

நோமென்க்ளாதுரா. லத்தீன் சொல். பெயர்களின் பட்டியல் என்று அர்த்தம். பழைய ரோமில் பெரிய மனிதர்கள் தெருவில் நடந்து போகும்போது, எதிரே வருகிறவரின் பெயரை அவர்கள் காதில் ஓதுவதற்கென்றே ஒரு ஆளைக் கூட வைத்துக்கொள்வார்கள். அந்த ஆளுக்குப் பெயர் நோமென்க்ளாதர். சோவியத் யூனியனில் அந்தச் சொல் ஒரு ஆட்சி முறைக்கே பெயராகிவிட்டது.

ஒவ்வொரு மட்டத்துக் கட்சிக் குழுவிடமும் இரண்டு பட்டியல்கள் இருக்கும். ஒன்று பதவிகளின் பட்டியல், அதாவது எங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் இந்த நாற்காலிகளில் உட்கார முடியாது என்பது. இன்னொன்று ஆட்களின் பட்டியல், அந்த நாற்காலிகளில் உட்கார வைக்கத் தகுந்தவர்கள் யார் என்பது. வட்டாரக் குழுவின் பட்டியலில் பள்ளித் தலைமையாசிரியர், கூட்டுப் பண்ணைத் தலைவர் மாதிரியானவர்கள் இருப்பார்கள். மாகாணக் குழுவின் பட்டியலில் பெரிய தொழிற்சாலை டைரக்டர்கள், செய்தித்தாள் ஆசிரியர்கள். மாஸ்கோ மத்தியக் குழுவின் பட்டியலில் அமைச்சர்கள், தளபதிகள், தூதர்கள், மாகாணக் கட்சிச் செயலாளர்கள். இந்தப் பட்டியல்களை எந்த அரசிதழிலும் வெளியிட மாட்டார்கள். பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் கோப்பு. எங்கே பிறந்தார், அப்பா என்ன வேலை, எங்கே படித்தார், எந்தக் கூட்டத்தில் என்ன பேசினார், மேலதிகாரி அவரைப் பற்றி என்ன எழுதினார் என்று எல்லாம் அதில் இருக்கும்.

இதில் ரசமான விஷயம் ஒன்று. 'தேர்ந்தெடுக்கப்படும்' பதவிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன! தொழிற்சங்கத் தலைவர், எழுத்தாளர் சங்கச் செயலாளர், உச்ச சோவியத் உறுப்பினர் எல்லாருமே. முதலில் கட்சிக் குழு பெயரை முடிவு செய்யும், அப்புறம் தேர்தல் நடக்கும். வாக்குச் சீட்டில் ஒரே பெயர். சம்மதம் என்றால் சீட்டில் எதுவும் எழுதாமல் அப்படியே பெட்டியில் போட்டுவிடலாம். சம்மதம் இல்லை என்றால் பெயரை அடிக்கணும். அதற்குத் தடுப்புக்குள் போகணும். உள்ளே போனாலே நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு வெளியே நிற்கிறவங்களுக்குத் தெரிஞ்சிடும். 99 சதவீதத்துக்கு மேல் ஆதரவு வந்தது இப்படித்தான். பெயரை அடிக்கிற இந்த வசதியை ஞாபகம் வைச்சுக்கோங்க. கதையின் கடைசியில் அது திரும்ப வரும்.

சரி, யார் உட்கார்ந்து இப்படி ஒரு முறையை யோசித்தது? ஒரே ராத்திரியில் ஒரே ஆள் யோசித்ததில்லை. தேவைதான் முதல் காரணம்.

1917 பிப்ரவரியில் போல்ஷெவிக்குகள் சுமார் 24,000 பேர்தான். அதே வருடம் அக்டோபரில் ஆட்சி அவர்கள் கையில். உலகத்திலேயே மிகப் பெரிய நிலப்பரப்பு, உள்நாட்டுப் போர், பசி, பழைய அதிகாரிகள் வேலைக்கு வர மாட்டேன் என்கிறார்கள். எந்த ஊருக்கு யாரை அனுப்புவது? ஆரம்பத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் யாக்கோவ் ஸ்வெர்ட்லோவ் என்ற ஒரே மனிதரின் மூளையில் இருந்தது. எந்தத் தோழர் எந்தச் சிறையில் இருந்தவர், யாருக்கு என்ன வேலை வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 1919 மார்ச்சில் அவர் காய்ச்சலில் இறந்துபோனார். வயது 33. ஒரு மனிதரின் ஞாபக சக்தியை நம்பி ஓடிய அலுவலகம் திடீரென்று நின்றுபோனது.

அதே மாதம் நடந்த எட்டாவது மாநாட்டில் மூன்று அமைப்புகளுக்கு முறையான உருவம் கொடுத்தார்கள். கொள்கை முடிவுகளுக்குப் பொலிட்பீரோ. அமைப்பு வேலைகளுக்கு ஓர்க்பீரோ. அன்றாடக் காகித வேலைக்குச் செயலகம். பெரிய தலைவர்களின் கண் முழுக்கப் பொலிட்பீரோ மேலேதான். செயலகம் என்றால் கிளார்க் வேலை என்ற நினைப்பு. முதல் பொலிட்பீரோவின் 5 முழு உறுப்பினர்களில் பொலிட்பீரோ, ஓர்க்பீரோ இரண்டிலும் இருந்தவர்களில் ஒருவர் ஸ்டாலின்.

இரண்டு வருடம் கழித்து, 1921 மார்ச்சில், பத்தாவது மாநாடு. ஒருபக்கம் க்ரோன்ஷ்டாட் கடற்படைத் தளத்தில் மாலுமிகளின் கிளர்ச்சி நடக்கிறது. மாநாட்டுப் பிரதிநிதிகளில் சுமார் 300 பேர் அதை அடக்கவே கிளம்பிப் போனார்கள். அந்தப் பதற்றத்தில் லெனின் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கட்சிக்குள்ளே கோஷ்டி கூடாது. தனித் திட்டத்தோடு குழுவாகச் சேர்ந்தால், மத்தியக் குழு உறுப்பினராகவே இருந்தாலும் வெளியேற்றலாம். அந்தக் கடைசிப் பகுதியை ரகசியமாகவே வைத்தார்கள். 'ஜனநாயக மத்தியத்துவம்' என்ற கொள்கை ஏற்கெனவே இருந்தது. விவாதிக்கலாம், ஆனால் முடிவெடுத்த பிறகு எல்லாரும் கட்டுப்படணும். இப்போது விவாதிக்கும் கட்டத்திலேயே நான்கு பேர் சேர்ந்து நின்றால் குற்றம் என்றாகிவிட்டது. ட்ராட்ஸ்கியும் அந்தத் தீர்மானத்தை எதிர்க்கவில்லை. சில வருடங்களில் அதே தீர்மானம் அவர் கழுத்துக்கே வந்தது.

'லெனின் நல்லவர், ஸ்டாலின் வந்து கெடுத்தார்' என்று ஒரு கதை சொல்வாங்க. நான் அதை முழுசாக ஏற்கவில்லை. கத்தியை ஸ்டாலின் செய்யவில்லை. மேஜை மேலே இருந்த கத்தியை எடுத்தார்.

எடுத்த நாள் 1922 ஏப்ரல் 3. ஸ்டாலின் பொதுச் செயலாளர் ஆகிறார். அந்தப் பதவிக்கு அப்போது பெரிய மரியாதை கிடையாது. ஆனால் செயலகத்தின் கீழே 'உச்ராஸ்பிரேட்' என்ற பிரிவு இருந்தது. பதிவு செய்வதும் பணியிடம் ஒதுக்குவதும் அதன் வேலை. யாரை எந்த ஊருக்கு அனுப்புவது என்ற ஸ்வெர்ட்லோவின் பழைய வேலைதான், இப்போது அட்டைகளிலும் கோப்புகளிலும். ஒரே வருடத்தில் 10,000-க்கும் மேற்பட்ட நியமனங்கள் அந்தப் பிரிவு வழியாகப் போயின. சக தலைவர்கள் ஸ்டாலினைக் கிண்டலாக 'தோழர் கார்டு இண்டெக்ஸ்' என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. சிரித்தவர்கள் அந்த அட்டைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம்.

ராபர்ட் டேனியல்ஸ் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் இதை ஒரு வட்டமாக விளக்கினார். பொதுச் செயலாளர் மாகாணச் செயலாளர்களை நியமிக்கிறார். மாகாணச் செயலாளர்கள் தங்கள் மாகாணத்திலிருந்து கட்சி மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளை முடிவு செய்கிறார்கள். அந்தப் பிரதிநிதிகள் மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மத்தியக் குழு பொதுச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கிறது. விதிப்படி எல்லாமே கீழிருந்து மேலே நடக்கும் தேர்தல். நடைமுறையில் மேலிருப்பவர் தன்னைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்களைத் தானே தேர்ந்தெடுக்கிறார். நம்ம ஊரில் 'மாவட்டம் வர்றார்' என்றால் மாவட்டச் செயலாளர் வருகிறார் என்று அர்த்தம் இல்லையா? அந்த மாவட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே ஆள் மாற்றலாம், கேட்க ஆள் இல்லை என்றால் எப்படி இருக்கும்? அதுதான்.

எதிர்த்தவர்களுக்கு என்ன நடந்தது? ஆரம்பத்தில் சிறை இல்லை, துப்பாக்கியும் இல்லை. டிரான்ஸ்ஃபர். நம்ம ஊர்ல 'தண்ணி இல்லாத காட்டுக்கு மாத்திடுவேன்'னு மிரட்டுவாங்க. இவங்க லண்டனுக்கு மாத்தினாங்க! கிறிஸ்டியன் ரகோவ்ஸ்கி உக்ரைன் அரசாங்கத்தின் தலைவர், ட்ராட்ஸ்கியின் நெருங்கிய நண்பர். 1923-ல் அவரை அந்தப் பதவியிலிருந்து எடுத்து லண்டனுக்கு ராஜதந்திரியாக அனுப்பிவிட்டார்கள். பார்க்க கௌரவமான பதவி. ஆனால் உக்ரைனிலிருந்து மாநாட்டுக்கு யார் போக வேண்டும் என்பதை இனி அவர் தீர்மானிக்க முடியாது. ஒரு கொள்கை விவாதத்தை இப்படி ஒரு வரி உத்தரவில் முடித்துவிடலாம்.

லெனினுக்கு இது புரியாமல் இல்லை. 1922 டிசம்பரில் நோய்ப் படுக்கையிலிருந்து சொல்லி எழுதவைத்த குறிப்புகளில், பொதுச் செயலாளராகி ஸ்டாலின் அளவில்லாத அதிகாரத்தைக் குவித்துவிட்டார், அதைப் போதிய கவனத்தோடு பயன்படுத்துவாரா என்று தெரியவில்லை என்றார். 1923 ஜனவரி 4 அன்று இன்னும் ஒரு படி மேலே போய், அவரை அந்தப் பதவியிலிருந்து அகற்ற வழி பாருங்கள் என்று சேர்த்தார். 1924 ஜனவரியில் லெனின் இறந்தார். மே மாத மாநாட்டில் பிரதிநிதிகளுக்கு அந்தக் குறிப்பு வாசிக்கப்பட்டது. யாரும் ஸ்டாலினை அகற்றவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலானோர் அங்கே எப்படி வந்தார்கள் என்பதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம்.

இன்னொரு தகவல். 1923-லிருந்து 1941 மே வரை ஸ்டாலினுக்கு அரசாங்கத்தில் அமைச்சர் பதவி எதுவுமே கிடையாது. பிரதமர் வேறு ஆள், ஜனாதிபதி வேறு ஆள். இவர் ஒரு கட்சியின் செயலாளர், அவ்வளவுதான்.

கீழ்மட்டத்தில் இது எப்படி நடந்தது என்பது நமக்குத் தெரியவந்த விதமே ஒரு சினிமா. 1941-ல் ஜெர்மன் படை ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் நகரத்தைப் பிடித்தபோது, கட்சி அலுவலகக் கோப்புகள் மொத்தமும் அங்கேயே மாட்டிக்கொண்டன. ஜெர்மானியர்கள் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு போனார்கள். போர் முடிந்தபோது அது அமெரிக்கர்கள் கையில் கிடைத்தது. மெர்ல் ஃபெய்ன்சாட் என்ற பேராசிரியர் அதைப் படித்து 1958-ல் புத்தகம் எழுதினார். மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு மாகாணக் கட்சி என்ன பேசியது என்பதை வெளியுலகம் முதல்முறையாகப் பார்த்தது அப்போதுதான்.

அதில் 1933 மே 8 தேதியிட்ட ஒரு ரகசிய உத்தரவு இருக்கிறது. விவசாயிகளைக் கூட்டுப் பண்ணையில் சேர்க்கும் பெயரில் கண்டபடி கைது நடந்து, சிறைகள் பிதுங்கிக் கொண்டிருந்த நேரம். சிறைகளில் இருக்கும் 8 லட்சம் பேரை 4 லட்சமாகக் குறையுங்கள் என்கிறது அந்த உத்தரவு. கையெழுத்து இரண்டு பேருடையது. ஒருவர் அரசாங்கத் தலைவர் மொலட்டோவ். இன்னொருவர் கட்சிச் செயலாளர் ஸ்டாலின். கட்சிக்காரர்கள், போலீஸ், நீதிமன்றம், வழக்குத் தொடுப்பவர்கள் எல்லாருக்கும் ஒரே கடிதம். சட்டம் திருத்தப்படவில்லை, எந்த நீதிபதியும் ஜாமீன் கொடுக்கவில்லை. ஆட்களை உள்ளே போட்டதும் ஒரு கடிதம், வெளியே விட்டதும் ஒரு கடிதம். நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் வழி ஒன்றுதான்.

அந்த மாகாணத்தின் முதல் செயலாளர் இவான் ருமியான்ட்செவ். 1929-லிருந்து அவர் அங்கே குட்டி ராஜா. 1937-ல் அவரைக் கைது செய்தார்கள். நேற்று வரை அவரைப் புகழ்ந்த அதே கட்சிக்காரர்கள் கூட்டம் போட்டு அவரைத் திட்டினார்கள். திட்டியவர்களில் பலரும் அடுத்து மாட்டினார்கள். ஒருவர் விழுந்தால் அவர் நியமித்த எல்லாரும் சந்தேகத்துக்குரியவர்கள். பட்டியல் ஏணியாகவும் இருந்தது, கயிறாகவும் இருந்தது.

நாடு முழுவதும் இதன் கணக்கை 1956-ல் குருஷேவே வெளியிட்டார். 1934 மாநாட்டுக்கு வந்த 1,966 பிரதிநிதிகளில் 1,108 பேர் கைதானார்கள். அந்த மாநாடு தேர்ந்தெடுத்த மத்தியக் குழுவின் 139 உறுப்பினர்கள், வேட்பு உறுப்பினர்களில் 98 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஸ்டாலினைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். இதற்கு வெளியே, கட்சியிலேயே இல்லாமல் செத்த சாதாரண மக்கள் இன்னும் பல மடங்கு. அது தனி எபிசோட்.

ஸ்டாலின் 1953 மார்ச்சில் இறந்ததும் மாலெங்கோவ் பிரதமர் பதவியையும் கட்சிச் செயலாளர் பதவியையும் சேர்த்தே வைத்திருந்தார். ஒன்றை விட வேண்டிய நிலை வந்தபோது, கட்சிச் செயலாளர் பதவியை விட்டார். இவ்வளவு வருடம் ஸ்டாலின் பக்கத்திலேயே இருந்த மனிதர்! குருஷேவ் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அமைதியாக மாகாணச் செயலாளர்களை மாற்ற ஆரம்பித்தார்.

1957 ஜூனில் பலன் தெரிந்தது. பொலிட்பீரோவுக்கு அப்போது பிரசீடியம் என்று பெயர். அதில் மாலெங்கோவ், மொலட்டோவ், ககனோவிச் சேர்ந்து பெரும்பான்மையோடு குருஷேவை விலகச் சொன்னார்கள். குருஷேவ் சொன்னார்: என்னைத் தேர்ந்தெடுத்தது மத்தியக் குழு, அதுதான் என்னை நீக்கணும். மார்ஷல் ஜுகோவ் ராணுவ விமானங்களை அனுப்பி, மூலை முடுக்கிலிருந்தெல்லாம் மத்தியக் குழு உறுப்பினர்களை மாஸ்கோவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வந்தவர்களில் பெரும் பகுதி குருஷேவ் காலத்தில் பதவிக்கு வந்த மாகாணச் செயலாளர்கள். கதை தலைகீழானது. மொலட்டோவ் மங்கோலியாவுக்குத் தூதராகப் போனார். மாலெங்கோவ் கஜகஸ்தானில் ஒரு நீர்மின் நிலையத்துக்கு மேனேஜராகப் போனார். ககனோவிச் உரால் பகுதியில் ஒரு பொட்டாஷ் ஆலைக்கு. யாரையும் சுடவில்லை. அந்தக் கட்சியின் வரலாற்றில் அது பெரிய முன்னேற்றம்தான்.

ஆனால் குருஷேவ் ஒரு காரியம் செய்தார். தன்னைக் காப்பாற்றிய அந்தச் செயலாளர்களின் நாற்காலியிலேயே கை வைத்தார். 1961 கட்சி விதிகளில், ஒவ்வொரு தேர்தலிலும் குழுக்களில் ஒரு பங்கு ஆட்கள் கட்டாயம் மாற வேண்டும் என்று கொண்டுவந்தார். மத்தியக் குழுவில் கால் பங்கு, மாகாணக் குழுக்களில் மூன்றில் ஒரு பங்கு, அடிமட்டத்தில் பாதி. 1962-ல் மாகாணக் கட்சிகளைத் தொழில் தனி, விவசாயம் தனி என்று இரண்டாகப் பிளந்தார். அதுவரை மாகாணத்துக்கு ஒரே ராஜாவாக இருந்தவர் இப்போது பாதி ராஜா. 1964 அக்டோபரில் அதே மத்தியக் குழு கூடி குருஷேவை வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த மாதமே அந்தப் பிளவை ரத்து செய்தார்கள். 1966-ல் கட்டாய மாற்ற விதியும் போனது.

அடுத்து வந்த பிரெஷ்னேவ் அந்தச் செயலாளர்களுக்கு அவர்கள் கேட்டதைக் கொடுத்தார். ஸ்டாலின் காலத்தில் உயிருக்குப் பயம், குருஷேவ் காலத்தில் பதவிக்குப் பயம். இனி இரண்டும் வேண்டாம். உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே. 1981 மாநாட்டில் பொலிட்பீரோவில் ஒரு ஆள்கூட மாறவில்லை. சாதாரண ஜனம் கடையில் வரிசையில் நிற்க, பட்டியலில் இருந்தவர்களுக்குத் தனிக் கடை, தனி மருத்துவமனை, நகரத்துக்கு வெளியே தோட்ட வீடு. இதை உள்ளேயிருந்து பார்த்து, மேற்கே தங்கிவிட்ட மிகயில் வோஸ்லென்ஸ்கி 1980-ல் எழுதிய புத்தகத்துக்குப் பெயரே 'நோமென்க்ளாதுரா'. எல்லாரும் சேர்ந்தே வயதானார்கள். 1982, 1984, 1985 என்று இரண்டரை வருடத்துக்குள் மூன்று பொதுச் செயலாளர்களுக்குச் செஞ்சதுக்கத்தில் இறுதிச் சடங்கு நடந்தது.

அப்புறம் 54 வயது கோர்பச்சேவ். கஜகஸ்தானில் குனாயெவை மாற்றியதும் அவர்தான். குனாயெவ் பிரெஷ்னேவின் நண்பர், ஊழல் புகார்கள் இருந்தன, மாற்ற நினைத்தது புரிந்துகொள்ளக் கூடியது. ஆனால் மாற்றிய முறை அதே பழைய முறை. மாஸ்கோவில் ஒரு பெயரை முடிவு செய்து, அல்மா-ஆதாவில் கையைத் தூக்க வைப்பது. அந்த மாணவர்கள் கோபப்பட்டது அதற்குத்தான்.

இங்கே ஒரு பெரிய விஷயத்தைச் சொல்லியாகணும். சோவியத் அரசியல் சட்டம், குடியரசுகளுக்குப் பிரிந்து போகும் உரிமையை எழுத்திலேயே கொடுத்திருந்தது. ஸ்டாலின் காலத்துச் சட்டத்திலும் அது இருந்தது! எந்தத் தைரியத்தில் கொடுத்தார்கள்? நாடு காகிதத்தில்தான் கூட்டாட்சி. கட்சி கூட்டாட்சி இல்லை, மேலிருந்து கீழே ஒரே கட்டு. உக்ரைன் கட்சி, கஜகஸ்தான் கட்சி எல்லாமே மாஸ்கோவின் கிளைகள். பிரிந்து போவோம் என்று சொல்லக்கூடிய ஒவ்வொரு நாற்காலியும் மாஸ்கோவின் பட்டியலில் இருந்தது. அந்தக் கட்டு இறுக்கமாக இருக்கும் வரை சட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் ஆபத்தில்லை.

கோர்பச்சேவ் தளர்த்தியது அந்தக் கட்டைத்தான். தன் சீர்திருத்தங்களுக்குக் கட்சி அலுவலகம் முட்டுக்கட்டை போடுகிறது என்று நினைத்து, 1988-ல் மத்தியக் குழுவின் இலாகாக்களை வெட்டினார். செயலகக் கூட்டங்களே கிட்டத்தட்ட நின்றுபோயின. 1989 மார்ச்சில் நிஜமான போட்டியுள்ள தேர்தல். அப்போது நடந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்த சம்பவம். லெனின்கிராட் மாகாண முதல் செயலாளர் யூரி சலவியோவ். பொலிட்பீரோவில் வேட்பு உறுப்பினர். தன் தொகுதியில் எதிரே யாரும் இல்லை, சீட்டில் அவர் பெயர் மட்டும். அவர் தோற்றார். ஜனங்கள் தடுப்புக்குள்ளே போய்ப் பெயரை அடித்துவிட்டு வந்தார்கள்.

1989 டிசம்பரில் லித்துவேனியக் கம்யூனிஸ்ட் கட்சி மாஸ்கோ கட்சியிலிருந்து பிரிந்தது. 3 மாதம் கழித்து, 1990 மார்ச் 11 அன்று, லித்துவேனியா நாடாகவே பிரிவதாக அறிவித்தது. அந்த வரிசையைக் கவனிங்க, முதலில் கட்சி, அப்புறம் நாடு. அதே மார்ச்சில், கட்சியே நாட்டை வழிநடத்தும் சக்தி என்று சொன்ன அரசியல் சட்டத்தின் 6-வது பிரிவைத் திருத்தினார்கள். 1991 ஜூலையில் ரஷ்யாவில் வேலையிடங்களில் கட்சிக் கிளைகள் இயங்கக் கூடாது என்று யெல்ட்சின் ஆணையிட்டார். ஆகஸ்டில் நடந்த ராணுவச் சதி தோற்றது. மாஸ்கோவின் பழைய சதுக்கத்தில் இருந்த மத்தியக் குழு அலுவலகத்துக்குச் சீல் வைத்தார்கள். டிசம்பரில் நாடே இல்லை.

பட்டியலில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? ரஷ்யாவின் யெல்ட்சின் முன்பு ஸ்வெர்ட்லோவ்ஸ்க் மாகாணத்தின் முதல் செயலாளர். அந்த ஊருக்குப் பெயரே நம்ம பழைய ஸ்வெர்ட்லோவ் பெயர்தான். உக்ரைனின் முதல் ஜனாதிபதி க்ராவ்சுக், அங்கே கட்சியின் சித்தாந்தப் பிரிவில் வளர்ந்தவர். உஸ்பெகிஸ்தானில் முதல் செயலாளர் கரீமோவ் ஜனாதிபதியாகி, 2016-ல் சாகும் வரை இருந்தார். துர்க்மெனிஸ்தானில் முதல் செயலாளர் நியாசோவ், 2006-ல் சாகும் வரை. கஜகஸ்தானில் கோல்பினுக்கு அப்புறம் 1989-ல் முதல் செயலாளராக வந்தவர், 1986-ல் அமைச்சரவைத் தலைவராக இருந்த அதே கஜக், நூர்சுல்தான் நசர்பாயெவ். அவர் 2019 வரை ஜனாதிபதியாக இருந்தார்.

அடுத்த எபிசோடில் சீனா. அங்கே இதே வேலையைச் செய்யும் 'அமைப்புத் துறை' இன்றைக்கும் இயங்கிக்கொண்டிருக்கிறது. அதை மாவோ காலத்திலிருந்து பார்ப்போம். கேள்விகள் இருந்தால் அனுப்புங்க. சந்திப்போம்.